ஆரோ ஒட்டிய இடம்

டோக்கன் நம்பர் இருபத்து மூன்று. உள்ளே போயிருப்பது பதினைந்து. நடுவில் ஏழு பேர். எழுந்து போய்விடலாமா என்று வசந்தாமணி நாலாவது முறையாக நினைத்தாள், நாலாவது முறையாகவும் எழவில்லை. எழுந்தால் பார்ப்பார்கள். உட்கார்ந்திருந்தாலும் பார்க்கத்தான் செய்கிறார்கள். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி மாடியில், பதினோராம் நம்பர் அறைக்கு எதிரே கிடக்கிற இந்த இரும்பு பெஞ்சு இருக்கிறதே, இதை இங்கே போட்டவன் யோசித்துத்தான் போட்டிருக்கிறான். எக்ஸ்ரேக்குப் போகிறவன், ரத்தம் கொடுக்கப் போகிறவன் எல்லாரும் இதைத் தாண்டித்தான் போகணும். தாண்டும்போது கதவுக்கு மேலே 'மனநலப் பிரிவு' என்ற நீல போர்டைப் படிப்பான், அப்புறம் கீழே உட்கார்ந்திருக்கிற மூஞ்சியைப் படிப்பான். அதனால் அவள் ஒரு வேலை செய்திருந்தாள். பக்கத்து அறை பல் டாக்டருடையது. பெஞ்சின் அந்த ஓரத்துக்கு நகர்ந்து, இடது கன்னத்தில் உள்ளங்கையை வைத்து, லேசாக முகத்தைச் சுளித்துக்கொண்டால் பல்வலிக்காரி. அரை மணி நேரமாகப் பல்வலிக்காரியாக இருந்ததில் கை மரத்துப்போனதுதான் மிச்சம், இப்போது நிஜமாகவே கடைவாய்ப் பல் ஒன்று வலிக்கிற மாதிரியும் இருந்தது. பனியன் கம்பெனி ஆள் யாராவது வந்தால்? திருப்பூரில் பாதிப் பேர் கம்பெனி ஆள்தானே, இங்கே வராமல் வேறெங்கே போவார்கள். கட்டிங்கில் விரலை வெட்டிக்கொண்டவன், அயர்னில் கையைச் சுட்டுக்கொண்டவள், யாராவது ஒருத்தர் படியேறி வரத்தான் போகிறார்கள், "ஏனுங்க்கா, நீங்க இங்க?" என்று கேட்கத்தான் போகிறார்கள். நாளைக்கு டீ டைமில் அறுபது பேருக்கும் தெரிந்துவிடும், பதினேழாம் டேபிள் வசந்தாமணிக்குக் கழண்டுபோச்சாம். அப்புறம் வேலை? கண்ணாலும் மூளையாலும் செய்கிற வேலை அது. ரெண்டில் ஒன்று சரியில்லை என்று தெரிந்தால் போதும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. அதனால் உள்ளே போனதும் தலைவலி என்று சொல்ல வேண்டியது, மாத்திரையை வாங்க வேண்டியது, போக வேண்டியது. அவ்வளவுதான்.

தலைவலி என்றுதானே கீழேயும் சொன்னாள். அந்தக் கீழ் டாக்டரைத்தான் நம்ப முடியவில்லை. "மூணாவது தடவையா தலைவலின்னு வர்றீங்க. தூக்கம் வருதா? சோறு எறங்குதா? வேலைக்குப் போகப் புடிக்குதா?" முதல் ரெண்டும் எல்லா டாக்டரும் கேட்கிற கேள்வி. மூணாவதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? டாக்டருக்கு எதற்கு அது? புடிக்காம என்னங்க என்று இவள் சொல்லி முடிப்பதற்குள் மாடிக்குப் போங்க என்று சீட்டில் ரெண்டு வரி எழுதிவிட்டார். பத்து வார்த்தை பேசியதற்கு ரெண்டு வரி எழுதினால், அந்த எழுத்து எங்கிருந்தோ முன்னாலேயே வந்தது என்றுதானே அர்த்தம். அதற்கும் முன்னால் சீட்டுப் போடுகிற ஜன்னலில் ஒருத்தி இருந்தாள், மூக்குக் கண்ணாடி போட்டவள். கார்டைக் கொடுத்ததும் கார்டைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், திரும்பக் கார்டைப் பார்த்தாள், உதட்டை மடித்துக்கொண்டாள். தினம் ஐநூறு கார்டு பார்க்கிறவளுக்கு இந்தக் கார்டில் மட்டும் என்ன அதிசயம்? வசந்தாமணி கார்டை வெடுக்கென்று வாங்கி, அது இருந்த பிளாஸ்டிக் கவரில் குப்புறப் போட்டுப் பைக்குள் தள்ளிவிட்டாள். ஆறுச்சாமியின் வேலையாக இருக்கலாம். கட்டின புருஷனைச் சந்தேகப்படக் கூடாதுதான். ஆனால் அந்த மனுஷன் பதினாறு வருஷத்தில் எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான்? பிரசவத்துக்கே லோடு இறக்கிவிட்டுத்தான் வந்தான். இன்றைக்கு என்னடாவென்றால், "ஒரு லோடும் இல்ல புள்ள, நானே வண்டில வுட்டுர்றேன்" என்கிறான். வியாழக்கிழமை திருப்பூரில் லோடு இல்லாமல் இருக்குமா? வாசலில் இறக்கிவிட்டதும் போன் அடித்தது, பார்த்தான், பார்த்துவிட்டு அக்கட்டால போய் வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினான். யாருங்க என்று கேட்டதற்கு லோடு பார்ட்டி என்றான். பார்ட்டியிடம் எதற்கு முதுகைக் காட்ட வேண்டும்? லோகுவாகத்தான் இருக்கும். சூப்பர்வைசர் லோகு நம்பர் அவனிடம் இருக்கிறது, போன மாரியம்மன் நோம்பிக்கு வீட்டுக்கு வந்தபோது வாங்கிக்கொண்டான். ரெண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு இவளை இந்த பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

லோகு நல்ல பையன் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அதுவே ஒரு சந்தேகம். முப்பது வயதில் சூப்பர்வைசராக இருந்துகொண்டு ஒருத்தன் எப்படி நல்லவனாக இருப்பான்? செவ்வாய்க்கிழமை நடந்ததைப் பாருங்கள். செக்கிங்கில் இவள் பதினோரு வருஷம். தைத்த பனியன் டேபிளுக்கு வரும், மேலே டியூப் லைட், ஒரு பீசுக்கு நாற்பது செகண்டு. கழுத்து, தோள்பட்டை, கைக்குழி, பக்கத் தையல், அடி மடிப்பு, உள்ளே திருப்பி மறுபடி கழுத்து. ஓட்டையோ கறையோ தையல் விட்டதோ கண்ணில் பட்டால் அந்த இடத்தைக் காட்டிச் சிவப்பு ஆரோ ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி வலது பக்கம் போட வேண்டியது, இல்லாவிட்டால் இடது பக்கம். ஆரோ ஒட்டின பீசை யாரும் தூக்கிப் போட்டுவிட மாட்டார்கள், மெண்டிங் டேபிளுக்குப் போகும், கறை என்றால் மருந்தடித்து எடுப்பார்கள், தையல் என்றால் பிரித்துத் தைப்பார்கள், திரும்பி வரும். தப்பு உள்ளே இருந்து ஆரோ இல்லாமல் போகிறதே, அதுதான் ஆபத்து. ஸ்டிக்கர் ஷீட்டிலிருந்து ஒவ்வொன்றாக உரித்தால் நேரம் போகும் என்று பத்துப் பதினைந்தை முன்கூட்டியே உரித்து முழங்கையில் வரிசையாக ஒட்டிக்கொள்வது செக்கிங் பெண்கள் எல்லாரும் செய்கிறதுதான். வீட்டுக்குப் போனால் புடவையில் ரெண்டு, டிபன் பாக்சில் ஒன்று, சோப்பு டப்பாவில் ஒன்று என்று ஆரோவாகக் கிடக்கும். செவ்வாய்க்கிழமை வந்தது பிஸ்கட் கலர் பனியன். இடது கைக்குழிக்குக் கீழே ரெண்டு விரல் தள்ளிக் கடுகளவு எண்ணெய்க் கறை. ஆரோ ஒட்டினாள். அடுத்ததிலும் அதே இடத்தில் கறை. அதற்கடுத்ததிலும். டெய்லர் மெஷினில் எண்ணெய் ஒழுகுகிறது போல என்று நினைத்துக்கொண்டே முப்பத்தாறு பீசுக்கு ஒட்டிவிட்டாள், வலது பக்கம் மலை மாதிரி ஆகிவிட்டது, அப்போதுதான் லோகு வந்தான். ஒன்றை எடுத்து லைட்டில் காட்டினான், திருப்பினான், கட்டை விரலால் தேய்த்தான். "ஏனுங்க்கா, இங்க என்ன இருக்குது?" கறை என்றாள். "எங்கீங்க?" ஆரோ காட்டுதல்ல என்றாள். பக்கத்து டேபிள் ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள், தூத்துக்குடிக்காரி, வாயைத் திறந்தால் மூட மாட்டாள், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் குனிந்துகொண்டாள். லோகு முப்பத்தாறு ஆரோவையும் தன் கையாலேயே உரித்தான். பீசையெல்லாம் இடது பக்கம் நல்லதோடு சேர்த்து வைத்தான். உரித்த ஆரோக்களை உருட்டிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். பாக்கெட்டில் எதற்கு? காலடியில் குப்பைக்கூடை இருக்கிறது. மேனேஜர் ரவுண்ட்ஸ் வரும்போது கூடையில் ஆரோவாகக் கிடந்தால் எந்த டேபிள் என்று கேட்பார்தான், அதற்காக இருக்குமோ? ச்சே, லோகுவாவது. சாட்சிக்கு எடுத்து வைத்திருக்கிறான். நேற்று வந்து, "நாளைக்கு அரை நாள் போய்க் கண்ணைக் காட்டிட்டு வாங்க்கா, டேபிளை நான் பாத்துக்கறனுங்க" என்று அவ்வளவு மெதுவாகச் சொன்னானே, வேலையை விட்டு அனுப்புகிறவன்தான் அவ்வளவு மெதுவாகப் பேசுவான். கறை இருந்தது. அவள் பார்த்தாள். இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறது.

"பல்லு ரூம்புல டாக்டர் இன்னிக்கு லீவுங்க." வசந்தாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் எப்போது வந்து உட்கார்ந்தாள் என்றே தெரியவில்லை, ஐம்பது வயதிருக்கும், மஞ்சள் பூசின முகம், மடியில் ஒரு தூக்குப்போசி. அப்படீங்களா என்று சொல்லி வைத்தாள். "பதினொண்ணுக்குத்தான வந்திருக்கீங்க? சும்மா சொல்லுங்க. நானும் மொத நாளு அந்த ரூம்புக்கு முன்னாலதான் உக்காந்துக்கிட்டேன், மூணு மணி நேரம். கன்னத்துல கை வச்சுக்கிட்டு. கடைசீல அந்த நர்சு வந்து, ஏம்மா மரகதம், பல்லு பத்திரமா இருக்குதா, உள்ள வர்றியான்னு கேட்டா பாருங்க, எனக்குச் சிரிப்பு வந்துருச்சு." சொல்லிவிட்டு அந்தம்மா அதே சிரிப்பைச் சிரித்தாள். வசந்தாமணி கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும். மரகதம் என்று பேரையும் சொல்லிவிட்டாள், ஸ்பின்னிங் மில் என்றாள், இருபத்திரண்டு வருஷம் என்றாள், மருமகளுக்குத் தெரியாது என்றாள், மாத்திரை சாப்பிட்டால் பொழுதுக்கும் பசிக்கிறது அதனால்தான் இந்தப் போசி என்று மூடியைத் திறந்து தக்காளிச் சோற்றையும் காட்டினாள். கேட்காமலே இவ்வளவு சொல்கிறவளை எப்படி நம்புவது? தான் நாலு சொன்னால் எதிராளி ரெண்டு சொல்லுவாள் என்றுதானே இப்படிப் பேசுகிறார்கள். "நீங்க எந்தக் கம்பெனிங்க?" பார்த்தீர்களா, வந்துவிட்டது. வசந்தாமணி பையைத் திருப்பி வைத்தாள். போன தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுத்த பை, பேர் கொட்டை எழுத்தில் இருக்கிறது, இதை எதற்காக எடுத்துக்கொண்டு வந்தோம். "சும்மா, வீட்டுல தச்சுக்கிட்டிருக்கறனுங்க." மரகதம் திருப்பின பையையும் பார்த்தாள், இவளையும் பார்த்தாள். "வெசனப்படாதீங்க" என்று மட்டும் சொன்னாள். பதினெட்டாம் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

எதிர்ச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. படிக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் கண் செக்கிங் கண், எழுத்தைப் பார்த்தால் நிற்காது. உங்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இவையெல்லாம் இருக்கிறதா என்று கேட்டிருந்தது. தூக்கம் குறைவு. திருப்பூரில் எவள் தூங்குகிறாள்? பசியின்மை. ஷிப்மெண்ட் நேரத்தில் சாப்பிட யாருக்கு நேரம் இருக்கிறது? எதிலும் நாட்டமின்மை. நாட்டம் என்றால் என்ன, டிவி பார்ப்பதா? அதை அவள் மார்கழிக்குப் பிறகு பார்க்கவில்லை. காரணமில்லாத குற்ற உணர்ச்சி. இந்த இடத்தில் கண் நின்றது. காரணமில்லாத. அப்படியானால் இது நான் இல்லை, எனக்குக் காரணம் இருக்கிறது என்று வசந்தாமணி நினைத்தாள், நினைத்தபோது ஒரு ஆறுதல் கூட வந்தது. காரணம் ஒரு ஊசித் துண்டு. எட்டு மாசத்துக்கு முன்னால், கைக்குழந்தைக்குப் போடுகிற உடுப்பு, முயல் படம் போட்டது, வெளிநாட்டு ஆர்டர். தைக்கிற ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கணும், ஒட்டிப் பார்த்து முழு ஊசியாகிறதா என்று பார்த்து நோட்டில் டேப் போட்டு ஒட்டினால்தான் டெய்லருக்குப் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்தக் கட்டு முழுவதும் ஒதுக்கி வைக்கணும். எந்த டெய்லரோ நேரமில்லை என்று, ஊசி உடைந்ததைச் சொல்லாமல் கையிருப்பு ஊசியைப் போட்டுத் தைத்துவிட்டான், துண்டு உடுப்புக்குள்ளேயே போய்விட்டது, கால் பக்கத்துப் பட்டன் மடிப்பில், நெல் நுனி அளவு. இவள் டேபிளைத் தாண்டிப் போய்விட்டது. பேக்கிங்கில் மெட்டல் டிடெக்டர் கத்தியது. அதற்குத்தானே அந்த மெஷினை வைத்திருக்கிறார்கள், பிடித்துவிட்டது, ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பீசில் செக்கர் நம்பர் இருக்கும், பதினேழு. மேனேஜர் லைனை நிறுத்தச் சொன்னார். அறுபது பேருக்கு நடுவில் அந்தச் சின்ன உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கத்தக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். "இது உங்க கொழந்தையா இருந்தா போடுவீங்களாம்மா?" அப்புறம் மெஷின்கள் ஓடின, எல்லாரும் மறந்துவிட்டார்கள், மேனேஜரே மறந்திருப்பார். டார்கெட் மட்டும் மணிக்கு எழுபதிலிருந்து தொண்ணூறு ஆனது. இவளுக்கு மட்டும் அந்தக் கேள்வி அப்படியே காதில் நின்றுவிட்டது. பல் விளக்கும்போது கேட்கிறது. உங்க கொழந்தையா இருந்தா.

அதிலிருந்துதான். சட்டென்று வரவில்லை, வந்திருந்தால் தெரிந்திருக்கும். முதலில் அரிசி களையும்போது கல் இருக்கிறதா என்று ரெண்டு தடவை பார்த்தாள், அப்புறம் நாலு தடவை, அப்புறம் தட்டில் பரப்பி விரலால் தடவித் தடவி, குக்கர் வைக்க மணி எட்டாகி ஆறுச்சாமி பழையதைச் சாப்பிட்டுவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை லீவு. எழுந்திருக்கணும் என்று தெரியும், துணி ஊறுகிறது என்று தெரியும், கையும் காலும் இருக்கிற இடத்திலேயே இருக்கும். ஆள் அழுதால்கூட நாலு பேர் என்ன என்று கேட்பார்கள், இவளுக்கு அழுகையும் வரவில்லை. நெஞ்சுக்குள்ளே ஈரத்துணியைச் சுருட்டி வைத்த மாதிரி ஒரு கனம், அவ்வளவுதான். சிரிக்கிறவர்களைப் பார்த்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தது, அன்பாகப் பேசினால் எதை மறைக்கிறார்கள் என்று வந்தது. பஸ்ஸில் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள், அவ்வளவு கேவலமாகவா இருக்கிறோம் என்று ரெண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதெல்லாம் போகட்டும். யாரிடமும் சொல்ல முடியாதது ஒன்றுண்டு, அதை இந்த பெஞ்சில் உட்கார்ந்தும் நினைக்கக் கூடாது என்றிருந்தாள், மனசு சுற்றிச் சுற்றி அங்கேதான் போய் நிற்கிறது. போன வெள்ளிக்கிழமை காலை. மகள் ஹர்சினி ஏழாவது படிக்கிறாள். யூனிபார்ம் போட்டுக்கொண்டு ஜடை போட வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தினமும் பார்க்கிறதுதான், யூனிபார்ம் காலரைத் திருப்பி, தோள்பட்டைத் தையலை நீவி, பட்டன் பட்டியில் ஊசி கீசி இருக்கிறதா என்று அழுத்தி, கைக்குழிக்குள் விரலை விட்டு. முதலில் எல்லாம் கூச்சத்தில் நெளிவாள், சிரிப்பாள், இப்போது அசையாமல் உட்கார்ந்துகொள்கிறாள், அம்மாவுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம். அன்றைக்கு ஜடையை ஒதுக்கினபோது பிடரியில் அந்த மச்சம். பிறந்ததிலிருந்து இருக்கிற மச்சம். ஜடை போட்டாள், டிபனைக் கொடுத்தாள், அனுப்பினாள். சாயங்காலம் ஹர்சினி பையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள். "அம்மா, எங்கழுத்துல ஆரோ ஒட்டியிருந்துச்சு. அசெம்ப்ளில மதுமிதா பாத்து எடுத்துக் குடுத்தா." அப்புறம் கேட்டாள், குறும்பாகவும் இல்லை கோபமாகவும் இல்லை, கணக்கில் சந்தேகம் கேட்கிற மாதிரி. "எனக்கு என்னம்மா டிஃபெக்ட்?"

வசந்தாமணி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வாளி நிறைந்து வழிகிற வரைக்கும் நின்றாள். அப்போதும் அழுகை வரவில்லை. பெற்ற பிள்ளை மேலே ஆரோ ஒட்டிய கையை என்ன செய்வது? அந்தக் கையால் ராத்திரி தோசை ஊற்றினாள். ஹர்சினி ரெண்டாவது தடவை கேட்கவில்லை, அந்த ஸ்டிக்கர் எங்கே போனது என்று இவளும் கேட்கவில்லை. அப்பனிடம் சொல்லியிருப்பாளா? சொல்லியிருப்பாள். அதனால்தான் அந்த மனுஷன் வியாழக்கிழமை லோடு இல்லை என்கிறான். சொல்லியிருந்தால் கேட்டிருப்பானே? கேட்காமல் இருக்கிறானே, அது இன்னும் மோசம். அதற்கப்புறம் அந்தப் பெண் என்னவோ மாதிரித்தான் இருக்கிறாள், கேட்காமலே பாத்திரம் கழுவுகிறாள், நேற்று இ.எஸ்.ஐ. கார்டு எங்கே என்று இவள் தேடினபோது, "நான் எடுத்து வைக்கிறேம்மா" என்று பீரோவுக்குள் குனிந்தாள், கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை, கவரில் போட்டுப் பைக்குள்ளும் வைத்துவிட்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை எதற்காக இவ்வளவு நல்லவளாக இருக்க வேண்டும்? பயந்துபோய் இருக்கிறாளா? என்னைக் கண்டா? வேலை போகும் என்கிற பயத்தில்தான் இங்கே குந்தியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் இன்னொரு கம்பெனி, திருப்பூரில் கம்பெனிக்கா பஞ்சம். இன்னொரு தடவை கை நீண்டுவிட்டால்? ஆரோவோடு நிற்குமா? அந்தப் பிள்ளை எந்நேரமும் தன் மேலே என்ன தப்பு என்று தேடிக்கொண்டே வளர்ந்துவிட்டால்? உள்ளே போய் உள்ளதைச் சொன்னால் வேலை போகலாம். சொல்லாமல் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போனால் சாயங்காலம் வீட்டில் ஹர்சினி இருப்பாள், நாளைக் காலை ஜடை போட முதுகைக் காட்டி உட்காருவாள். ஆனால் உள்ளதை எப்படிச் சொல்வது? சொன்னால் எழுதுவார்கள். எழுதினால் யாராவது படிப்பார்கள். பிள்ளை மேல் ஆரோ ஒட்டினவள் என்று ஒரு சீட்டு கீழே ஜன்னலுக்குப் போகும், மூக்குக் கண்ணாடிக்காரி உதட்டை மடித்துக்கொள்வாள். வேண்டாம். தலைவலி. தலைவலிதான் சரி. மரகதத்தைக் கூப்பிட்டார்கள், போசியை இவள் பக்கத்தில் வைத்துவிட்டு, "சித்த பாத்துக்குங்க" என்று கேட்காமலே ஒப்படைத்துவிட்டு உள்ளே போனாள். இருபத்து ரெண்டாம் நம்பர் அவளா? அப்படியானால் அடுத்தது. முன்பின் தெரியாதவளிடம் எப்படி ஒருத்தி சோற்றுப் போசியை விட்டுவிட்டுப் போகிறாள்? என்னை நம்பி?

மரகதம் திரும்பி வந்து போசியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். நர்ஸ் கதவைத் திறந்தாள். "இருபத்து மூணு, வசந்தாமணி. கார்டை எடுத்துக்கிட்டு வாங்கம்மா." எழுந்து போனாள். கன்னத்தில் கை அப்படியே இருந்தது, எடுக்க மறந்துபோனாள். உள்ளே சின்ன அறை, ஒரு மேஜை, ஃபேன், டாக்டரம்மா சின்ன வயது, காட்டன் சேலை. முந்தானை ஓரத்தில் ஒரு நூல் தொங்கியது, அதையும் கண் பிடித்துக்கொண்டது. டாக்டரம்மா நிமிர்ந்து இவள் கன்னத்தைப் பார்த்தாள். "பல்வலியாம்மா? பல்லு ரூம் பக்கத்துலீங்க, தப்பா வந்துட்டீங்களா?" அடேயப்பா, எவ்வளவு லேசாகக் கதவைத் திறந்துவிடுகிறாள். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். படியிறங்கி, வேப்பமரத்தடியைத் தாண்டி, பஸ்ஸைப் பிடித்து, பன்னிரண்டு மணிக்கு டேபிளில் இருக்கலாம். ஒரு எழுத்தும் எவரும் எழுத மாட்டார்கள். ஆமாங்க என்று சொல்ல வாயைத் திறந்துகொண்டே, மற்றக் கையால் பைக்குள்ளிருந்து கவரை எடுத்தாள், நர்ஸ் கார்டு கேட்டாளே என்று, பழக்கதோஷம். கார்டு இந்தத் தடவை நேராக இருந்தது. அதில் மூணு வருஷத்துக்கு முன்னால் எடுத்த குடும்பப் போட்டோ, விறைத்துக்கொண்டு ஆறுச்சாமி, நடுவில் ரெட்டை ஜடையோடு ஹர்சினி, இந்தப் பக்கம் இவள். இவள் தாடைக்கு நேராக ஒரு சிவப்பு ஆரோ.

கசங்கின ஆரோ. பசை போய்விட்டதால் மேலே செல்லோ டேப் போட்டு ஒட்டியிருந்தது. டேப்புக்கு அடியில் தேங்காயெண்ணெய் பட்ட கறையும் மெல்லிசாக ஒரு மயிரும் தெரிந்தது, பிடரி மயிர். அந்த ஆரோதான். முதலில் சுருக்கென்று குத்தியது. நீயுமாடி? என் மேலேயே ஒட்டினாயா? ஜன்னல்காரி பார்த்தது இதைத்தானா, இதைப் பார்த்துவிட்டுத்தான் உதட்டை மடித்தாளா. கோபத்தோடு நகம் டேப்பின் ஓரத்துக்குப் போனது. உரிக்கவில்லை. பதினோரு வருஷக் கை அது. ஆரோ ஒட்டின பீசை எந்தப் பக்கம் போடுவது, அங்கிருந்து அது எந்த டேபிளுக்குப் போகும் என்று அதற்குத் தெரியும், தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் பீரோவுக்குள் குனிந்து நிமிராமல் இருந்த முதுகு ஞாபகம் வந்தது. பயத்தால் இல்லை. தேடிப் பார்த்து, சரியான இடத்தைக் கண்டுபிடித்து, ஒட்டாத பசைக்கு டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து ஒட்டியிருக்கிறாள், ஆஸ்பத்திரியில் பார்க்கிறவர்களுக்கு இடம் தெரியட்டும் என்று.

"ஏம்மா, பல்லு ரூம் அந்தப் பக்கம்..." என்று டாக்டரம்மா மறுபடி ஆரம்பித்தாள்.

"இல்லைங்க. இங்கதானுங்க." வசந்தாமணி கார்டை மேஜை மேல் டாக்டரம்மா பக்கம் திருப்பி வைத்தாள். "இதை எம்பொண்ணு ஒட்டியிருக்கறா. அவ சும்மா ஒட்ட மாட்டாளுங்க." "நான்தான் சும்மா ஒட்டினேன், முப்பத்தாறு பீசுல. ஒண்ணுலயும் ஒண்ணுமே இல்லைங்க. துணி நல்லாத்தான் இருந்துச்சு."

டாக்டரம்மா ஆரோவைப் பார்த்தாள், போட்டோவைப் பார்த்தாள், பேனாவை மூடி ஓரமாக வைத்தாள். எழுதப் போவதில்லையா, அதில் ஏதாவது தந்திரம் இருக்குமா என்று வசந்தாமணியின் மனசு ஒரு கணம் ஓடிப் பார்த்தது, பாதி வழியில் களைத்து நின்றுவிட்டது. "உக்காருங்கம்மா" என்றாள் டாக்டரம்மா. "எந்த முப்பத்தாறு பீசு?"

அது செவ்வாய்க்கிழமைங்க என்று தொடங்கினாள். இல்லை, அதற்கு முன்னால் ஒரு ஊசி இருக்கிறது, அங்கிருந்துதான் சொல்லணும். வசந்தாமணி நாற்காலியில் உட்கார்ந்து, கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.